நகரத் தரவுகளில் துப்பாக்கி வன்முறை: பிலடெல்ஃபியாவின் வரைபடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிலடெல்ஃபியாவில் ஒருவர் குண்டடி பட்டால், அந்தச் செய்தி காவல்துறைப் பதிவேட்டோடு நின்றுவிடுவதில்லை. ஓபன்டேட்டாஃபிலி என்னும் பொதுத் தரவுத் தளத்திலும் அது ஒரு வரியாகச் சேர்கிறது. 2015ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் அந்தப் பட்டியலை எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சம்பவம் நடந்த நாள், நேரம், குண்டடி பட்டவரின் வயது, பாலினம், இனம், காயம் பட்ட உறுப்பு, காவல் மாவட்டம், வீட்டுக்குள்ளா வெளியிலா, உயிர் போனதா இல்லையா, சுட்டவர் காவலரா என்ற விவரங்களும் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களும் அதில் இருக்கும். பெயர் இருக்காது. சிகாகோ, நியூயார்க் போன்ற பெருநகரங்களும் இத்தகைய பட்டியல்களை வெளியிடுகின்றன. நியூயார்க் காவல்துறையின் பட்டியல் 2006 வரை பின்னோக்கிச் செல்கிறது.

தேசிய அரசு செய்ய வேண்டிய இந்த வேலை நகரங்களின் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. 1996இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் பணிக்குச் செலவிடக் கூடாது என்றது. ஆய்வு செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அந்த மையம் அஞ்சி ஒதுங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறைக்கு நடுவண் அரசின் ஆய்வுப்பணம் கிட்டத்தட்ட வரவேயில்லை. 2003இல் டாட் டியார்ட் கொண்டுவந்த இன்னொரு திருத்தம், குற்றத்தில் பயன்பட்ட துப்பாக்கி எந்தக் கடையில் விற்கப்பட்டது என்று தடம்பிடிக்கும் தரவைப் பொதுமக்களுக்கும் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கும் எட்டாமல் பூட்டியது. 2019இன் இறுதியில்தான் துப்பாக்கிக் காய ஆய்வுக்கென 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகரங்கள் திறந்துவைத்த பட்டியல்களே ஆய்வாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் கைகொடுத்தன.

பட்டியலைத் திறந்தவுடன் எழ வேண்டிய முதல் கேள்வி, ஒரு வரி என்பது எதன் கணக்கு என்பது. பிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் ஒரு வரி ஒரு மனிதரைக் குறிக்கிறது, ஒரு சம்பவத்தை அல்ல. ஒரே தெருமுனையில் நான்கு பேர் சுடப்பட்டால் நான்கு வரிகள் வரும். நியூயார்க்கில் 2020இல் நடந்த துப்பாக்கிச் சூடுகள் 1,531. குண்டடி பட்டவர்கள் 1,868 பேர். இந்த இரண்டு எண்களையும் கலந்து பேசும் செய்தி அறிக்கைகள் ஏராளம். எத்தனை தடவை சூடு நடந்தது என்று கேட்பவர் சம்பவங்களை எண்ண வேண்டும். எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்று கேட்பவர் மனிதர்களை எண்ண வேண்டும். யார்மீதும் படாமல் போன குண்டு இந்த இரண்டு கணக்கிலுமே வராது.

கொலைகளை மட்டும் எண்ணினால் வரைபடம் இன்னும் மெலிந்துபோகும். பிலடெல்ஃபியாவில் குண்டடி பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார். மற்ற நால்வர் பிழைக்கிறார்கள். சாவதா பிழைப்பதா என்பதைக் குண்டு பாய்ந்த இடமும் அருகிலுள்ள விபத்துச் சிகிச்சை மையமும் பெருமளவு முடிவுசெய்கின்றன. அந்த நகரத்தில் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், காயம்பட்டவரைக் காவல்துறை வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆகவே கொலை எண்ணிக்கை குறைவது துப்பாக்கி குறைவாக வெடித்ததையும் காட்டலாம், மருத்துவம் விரைவாகக் கிடைத்ததையும் காட்டலாம். வன்முறையை அளக்க விரும்புகிறவர் உயிர்பிழைத்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இடத்தைக் குறிக்கும் எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. சிகாகோவின் குற்றப் பட்டியல் வீட்டு எண்ணைத் தராமல், தெருவின் எந்தத் தொகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நியூயார்க் ஒரு சம்பவத்தைத் தெருச் சந்திப்பிலோ தெருவின் நடுப்பகுதியிலோ கொண்டுபோய் வைக்கிறது. பாதிக்கப்பட்டவரின் வீட்டை யாரும் அடையாளம் காணாமலிருக்க இது தேவையான பாதுகாப்பு. ஆனால் இதே காரணத்தால் வெவ்வேறு சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் குவியும். எந்தக் கதவுக்கு முன்னால் என்று கேட்டால் இந்தத் தரவு பதில் சொல்லாது. எந்தத் தெருத்துண்டில் என்று கேட்டால் சொல்லும். தூரம் அளக்கும்போதும் கவனம் தேவை. பிலடெல்ஃபியா இருக்கும் 40 பாகை வடக்கு அகலாங்கில், வடக்கு தெற்காக ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை சுமார் 85 கிலோமீட்டர்தான். பாகைகளை அப்படியே தூரமாக வைத்துக் கணக்கிட்டால் வட்டங்கள் நசுங்கிப்போகும். மீட்டரிலோ அடியிலோ அளக்கும் தள ஆயங்களுக்கு மாற்றிய பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் படத்தில் இட்டால் வடக்கு பிலடெல்ஃபியாவும் கென்சிங்டன் பகுதியும் ஒரே கறையாகிவிடும். அதற்குள் இருக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு புள்ளியையும் குறிப்பிட்ட ஆரத்துக்குள் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களை அடர்த்தியாகக் காட்டும் முறை வழக்கத்தில் உள்ளது. இதில் எல்லாமே அந்த ஆரத்தைப் பொறுத்தது. 200 மீட்டர் ஆரம் தெருமுனைகளைக் காட்டும். 2 கிலோமீட்டர் ஆரம் நகரத்தின் கால்வாசியைச் சிவப்பாக்கி, அங்கே வாழும் எல்லோரையும் ஆபத்தானவர்களாகத் தோன்றச் செய்யும். இரண்டுமே ஒரே தரவிலிருந்து பிறந்தவை. ஆரம் என்ன என்று சொல்லாமல் வெளியிடப்படும் அடர்த்திப் படத்தை நம்புவதற்கில்லை.

அடுத்து வருவது வீதம். மக்கள் அதிகம் வாழும் இடத்தில் சம்பவங்களும் அதிகம் இருக்கும் என்பதால், எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். இங்கேதான் சிறிய எண்கள் ஏமாற்றும். பூங்காவும் சரக்குக் கிடங்குகளும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் 400 பேர் வாழ்கிறார்கள், ஓராண்டில் 2 பேர் சுடப்பட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் வீதம் லட்சத்துக்கு 500. பக்கத்து வட்டாரத்தில் 6,000 பேர் வாழ்ந்து 12 பேர் சுடப்பட்டால் வீதம் 200. படத்தில் முன்னதுதான் கொடுஞ்சிவப்பாக நிற்கும். துயரமோ பின்னதில் ஆறு மடங்கு. தவிர, பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் வருவோர் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர். வகுக்கும் எண்ணாக அங்கு வாழ்வோரை வைப்பதா, அந்நேரத்தில் அங்கு இருப்போரை வைப்பதா என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

தற்செயல் இதைவிடப் பெரிய பொறி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிலடெல்ஃபியா சுமார் 400 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் சுடப்படும் வாய்ப்பு சமமாக இருப்பதாகக் கொள்ளலாம். அப்போதும் ஏதாவது ஓர் ஆண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்களில் 7 அல்லது அதற்கு மேற்பட்டோர் சுடப்பட்டிருப்பார்கள். ஏறத்தாழ அதே அளவு வட்டாரங்களில் ஒருவர் மட்டுமே சுடப்பட்டிருப்பார், அல்லது ஒருவருமே சுடப்பட்டிருக்க மாட்டார். அடிப்படை ஆபத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஒரு வட்டாரத்தில் வன்முறை 75 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று தலைப்பு எழுத முடியும். இதைத் தவிர்க்கப் பல ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அல்லது சிறிய வட்டாரத்தின் வீதத்தை அண்டை வட்டாரங்களின் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து நிதானப்படுத்துவார்கள். எல்லைக்கோடுகளை வேறு மாதிரி வரைந்தாலும் முடிவு மாறும். காவல் மாவட்டப்படி பார்க்கும்போது தெரியும் உச்சம், அஞ்சல் குறியீட்டுப்படி பார்க்கும்போது இரண்டாக உடைந்துவிடலாம்.

இந்தச் சிக்கலிலிருந்து ஒரு வழி, வட்டாரத்தை விட்டுத் தெருவுக்கு இறங்குவது. 1989இல் லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் மினியாபொலிஸ் நகரக் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, பாதி அழைப்புகள் 3.3 சதவீத இடங்களிலிருந்தே வந்திருந்தன. பாஸ்டனில் 1980 முதல் 2008 வரையிலான துப்பாக்கித் தாக்குதல்களை ஆந்தனி பிராகா, ஆண்ட்ரூ பாபக்ரிஸ்டோஸ், டேவிட் ஹூரோ மூவரும் ஆராய்ந்தார்கள். இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருத்துண்டும் ஒவ்வொரு சந்திப்பும் அவர்களுக்குத் தனித்தனி அலகு. 5 சதவீதத்துக்கும் குறைவான அலகுகளில் 74 சதவீதத் துப்பாக்கிச் சூடுகள் நடந்திருந்தன. மோசமான பேட்டை என்று பேர் வாங்கிய பகுதிக்குள்ளேயே பெரும்பாலான தெருக்கள் அமைதியாக இருந்தன. ஒரு முழுப் பகுதியையும் அபாயப் பகுதி என்று முத்திரை குத்துவதற்குத் தரவில் ஆதாரம் இல்லை என்பதே இந்த ஆய்வுகளின் மிகப் பெரிய பயன். அந்த முத்திரையால் வீட்டின் விலை விழுகிறது, கடை வருவதில்லை, அங்கே வளரும் பிள்ளைகள்மீது சந்தேகக் கண் விழுகிறது.

இந்தக் குவிதல் எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. 20,000 தெருத்துண்டுகள் உள்ள நகரில் ஓராண்டில் 1,000 சூடுகள் நடந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு தெருவில் நடந்திருந்தால்கூட, 5 சதவீதத் தெருக்களில் 100 சதவீத வன்முறை என்ற முடிவு கிடைக்கும். அது குவிதல் அல்ல, வெறும் கணிதம். உண்மையான குவிதலைக் காண, அதே எண்ணிக்கையிலான சம்பவங்களைக் கணினியில் தற்செயலாகத் தெருக்கள்மீது இறைத்து, அந்தப் பரவலோடு உண்மைப் பரவலை ஒப்பிட வேண்டும். ஒரே தெருக்கள் ஆண்டுக்கு ஆண்டு மீண்டும் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பாஸ்டன் ஆய்வு 29 ஆண்டுகளை எடுத்துக்கொண்டதால்தான் அதன் சொல்லுக்கு எடை இருக்கிறது.

இடத்தைப் போலவே காலமும் சீராகப் பரவவில்லை. கோடையிலும் இரவிலும் வார இறுதியிலும் சூடுகள் கூடுகின்றன. சிகாகோ தரவை வெப்பநிலையோடு இணைத்த பால் ரீப்பிங், டேவிட் ஹெமன்வே ஆய்வில், 10 செல்சியஸ் பாகை வெப்பம் கூடிய நாளில் வாரநாளானால் 34 சதவீதமும் வார இறுதியோ விடுமுறையோ ஆனால் 42 சதவீதமும் அதிகச் சூடுகள் நடந்திருந்தன. வெயில் ஆட்களை வெளியே கொண்டுவருகிறது என்பது ஒரு விளக்கம். உடலையும் மனத்தையும் வெப்பம் எரிச்சலூட்டுகிறது என்பது இன்னொன்று. ஜூன் மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டு வன்முறை பெருகிவிட்டது என்பது தவறு. ஜூனை முந்தைய ஜூன்களோடு ஒப்பிட வேண்டும்.

இடமும் காலமும் சேரும் இடத்தில் வேறொரு வடிவம் தெரிகிறது. முன்பு லண்டன் காவல்துறையில் பணியாற்றி, பின் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜெர்ரி ராட்கிளிஃப், ஜார்ஜ் ரெங்கெர்ட்டுடன் சேர்ந்து பிலடெல்ஃபியாவின் சூடுகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார். ஒரு சூடு நடந்த இடத்திலிருந்து ஒரு தெருத் தொகுதி தூரத்துக்குள், இரண்டு வாரங்களுக்குள், இன்னொரு சூடு நடக்கும் ஆபத்து எதிர்பார்க்கும் அளவைவிட 33 சதவீதம் அதிகம். இதைச் சோதிக்கும் முறை எளிமையானது, நேர்மையானதும்கூட. இடங்களை அப்படியே விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் சீட்டைப்போல் கலைத்துக் கலைத்து நூற்றுக்கணக்கான போலிப் பட்டியல்களை உருவாக்குவார்கள். அவற்றில் தற்செயலாகவே அமையும் நெருக்கமான இணைகளைவிட உண்மைப் பட்டியலில் எத்தனை கூடுதல் என்று பார்ப்பார்கள். பழிக்குப் பழி வாங்கும் சங்கிலி அந்தக் கூடுதலில் தென்படுகிறது. சூடு நடந்த மறுநாளே காயம்பட்டவரின் நண்பர்களிடம் போய்ப் பேசும் சமாதானப் பணியாளர்களுக்கு இரண்டு வாரம் என்ற அளவு கையில் கிடைக்கும் கருவி.

அந்தச் சங்கிலி தெருவழியாக மட்டும் ஓடுவதில்லை, உறவுவழியாகவும் ஓடுகிறது. சிகாகோவில் ஒரே வழக்கில் சேர்ந்து கைதானவர்களைக் கோடிட்டு இணைத்து 1,38,163 பேர் கொண்ட வலையைப் பாபக்ரிஸ்டோஸ் குழு அமைத்தது. 2006 முதல் 2014 வரை அந்த வலைக்குள் நடந்த 11,123 குண்டடிகளில் 63.1 சதவீதம், நெருங்கியவர் சுடப்பட்டதைத் தொடர்ந்து தொற்றுபோல் பரவியவை என்று 2017இல் வெளியான அவர்கள் கணக்கு சொல்கிறது. ஒருவர் சுடப்பட்டதற்கும் அவரைச் சார்ந்தவர் சுடப்பட்டதற்கும் சராசரி இடைவெளி 125 நாள். இதற்கான பெயருள்ள கைதுப் பதிவுகள் பொதுத் தளத்தில் இல்லை, இருக்கவும் கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு அதே நகரம் சான்று. சுடவோ சுடப்படவோ கூடியவர் யார் என்று மதிப்பெண் போடும் பட்டியலைச் சிகாகோ காவல்துறை வைத்திருந்தது. பின்னாளில் பெயர் நீக்கி வெளியிடப்பட்டபோது அதில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருந்தார்கள். அதன் தொடக்கப் பதிப்பை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், பட்டியலில் இருந்தவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை என்றும், சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாகும் வாய்ப்புதான் கூடியது என்றும் 2016இல் எழுதியது. 2019இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட கணக்கு, அவரையே சந்தேக நபராக்கியது பெரும் அநீதி.

தரவு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சிகாகோவே எடுத்துக்காட்டு. அங்கே 2024 வரை இருந்த ஷாட்ஸ்பாட்டர் என்னும் ஒலிவாங்கி அமைப்பு வெடிச்சத்தத்தைக் கேட்டுக் காவல்துறைக்குச் செய்தி அனுப்பியது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 செய்திகளை நகரத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் சோதித்தது. துப்பாக்கிக் குற்றத்துக்கான தடயம் பதிவானவை 4,556, அதாவது 9.1 சதவீதம். கருவி பொருத்திய பகுதிகளில் மட்டுமே செய்தி வரும். அந்தச் செய்திகளைப் புள்ளிகளாக இட்டால், கிடைப்பது கருவி எங்கே இருக்கிறது என்பதன் படமாகவும் இருந்துவிடும்.

வரைபடம் காட்டும் இடங்கள் ஏன் அந்த இடங்களாக இருக்கின்றன? 1937இல் நடுவண் அரசின் வீட்டுக்கடன் கழகம் பிலடெல்ஃபியாவைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாயின. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். சாரா ஜேக்கபி தலைமையிலான குழு அந்தப் படத்தின்மேல் 2013, 2014ஆம் ஆண்டுகளின் துப்பாக்கித் தாக்குதல்களை வைத்துப் பார்த்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பழைய சிவப்புப் பகுதிகளிலேயே காயங்கள் மிகுந்திருந்தன. இதற்கிடையில் ஆலைகள் மூடின. 1950இல் 20 லட்சத்து 70 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை 2000இல் ஏறத்தாழ 15 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியது. இடிந்த வீடுகளின் இடத்தில் சுமார் 40,000 காலிமனைகள் மிஞ்சின. புதர் மண்டிய மனைகள் குப்பைமேடாகின. சட்டவிரோதத் துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொள்ளாமல் ஒளித்துவைக்கவும் அவை வசதியாயின.

இந்த மனைகளைச் சீர்செய்தால் சூடு குறையுமா என்று சார்லஸ் பிரானஸ் தலைமையிலான குழு நேரடியாகவே சோதித்தது. 541 காலிமனைகளை 110 தொகுப்புகளாக்கி, எந்தத் தொகுப்புக்கு என்ன செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டுப் பராமரித்தார்கள். சிலவற்றில் துப்புரவு மட்டும். மீதியை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29.1 சதவீதம் குறைந்தது. வெளியே போக அஞ்சுவதாகச் சொன்னவர்கள் குறைந்தார்கள். வெளியே உட்கார்ந்து பேசுகிறவர்கள் கூடினார்கள். யாரையும் கைது செய்யாமல், யார் பெயரையும் பட்டியலில் ஏற்றாமல் கிடைத்த பலன் இது. இடத்தைக் காட்டும் தரவை இடத்தைத் திருத்துவதற்குப் பயன்படுத்துவதே அதற்குச் செய்யும் நியாயம்.

குலுக்கல் இதில் அலங்காரம் அல்ல. மிக மோசமான ஆண்டைக் கண்ட தெருக்களைத் தேர்ந்தெடுத்து எந்தத் திட்டத்தை நடத்தினாலும், அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்குவதுபோல் தோன்றும். உச்சம் தொட்ட எண் சராசரியை நோக்கித் திரும்புவது இயல்பு. பிலடெல்ஃபியாவில் எல்லா வகைக் கொலைகளும் சேர்த்து 2021இல் 562, 2022இல் 516, 2023இல் 410, 2024இல் 269. அதே ஆண்டுகளில் நாட்டின் மற்ற பெருநகரங்களிலும் சரிவு இருந்தது. இந்த இறக்கத்தைத் தன் சாதனை என்று சொல்லும் எந்த அலுவலகமும், தன் திட்டம் எட்டாத இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். தரவு திறந்திருப்பதால் அந்தச் சரிபார்ப்பை ஒரு கல்லூரி மாணவரும் செய்துவிட முடியும்.

இவ்வளவும் பிறர் சுட்டுக் காயம்பட்டவர்களைப் பற்றியது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 20,958 பேர் கொல்லப்பட்டவர்கள். 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேலான அந்த மரணங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் நிகழ்கின்றன. அவற்றின் கணக்கு மரணச் சான்றிதழ்களில் இருக்கிறது, நகரக் காவல்துறை வெளியிடும் சூட்டு வரைபடங்களில் இல்லை.